பார்த்துக் கொடுங்கள்

சென்ற தை மாதம் ஒரு மாலை அருப்புக்கோட்டையில் ஒரு நண்பருடைய வீடியோ கடையில் உட்கார்ந்திருந்தேன். கடை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் சாத்தி வைத்த விளக்குக் கம்பங்கள். திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துக்கு வீடியோ பேச வந்திருந்தார். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு முகூர்த்தம், பெண் அழைப்பு உண்டா, மறுவீடு உண்டா என்று அரைமணி பேசினார்கள். கடைசியில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேறெதையோ கேட்பவர் போல, 'எம்புட்டுத் தம்பி ஆகும்?' என்றார். நண்பர் உடனே, 'நீங்க பாத்துக் குடுங்க அண்ணாச்சி' என்றார். 'அட, சும்மா சொல்லுங்க.' 'ஒங்களுக்குத் தெரியாததா?' இப்படி மூன்று சுற்று. பிறகு 35,000 என்று ஒரு எண் அறைக்குள் வந்து நின்றது. அதை முதலில் சொன்னது யார் என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. வெற்றிலையில் வைத்து 5,000 ரூபாய் அட்வான்ஸ் கைமாறியது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நண்பரை நம்மில் சிலருக்குத் தெரியும். ஒரு காலத்தில் கவிதை எழுதினவர், கொஞ்சமாக, நன்றாக. ஒரு வரியில் ஒரு சொல் உபரி என்று பட்டால் ராத்திரி தூங்காதவர். அப்படிப்பட்டவர் தன் உழைப்புக்கு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் இப்படி மழுப்ப வேண்டும்? பெரியவர் போன பிறகு கேட்டேன். அவர் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை: சில்வர், கோல்டு, பிளாட்டினம், எதற்கு எவ்வளவு, எத்தனை காமிரா, எத்தனை பக்க ஆல்பம். சிவகாசியில் அச்சடித்து வந்து இரண்டு வருஷமாகிறது. ஒருமுறைகூட டிராயரை விட்டு வெளியே வந்ததில்லை.

அவர் கணக்குப் போடத் தெரியாதவர் இல்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியைத் தள்ளி, மிச்ச மாதங்களின் முகூர்த்த நாட்களை எண்ணி, ஒரே நாளில் ஊரெல்லாம் கல்யாணம் விழுந்தாலும் ஒரு ஆள் ஒரு மண்டபத்தில்தானே நிற்க முடியும் என்பதையும் கழித்து, வருஷத்துக்கு 40 நாள் வேலை என்று வைத்திருக்கிறார். அந்த 40 நாள் மிச்சம் 325 நாளையும் சுமக்க வேண்டும். இரண்டாவது காமிராக்காரர் சம்பளம், விளக்குப் பிடிக்கிற பையன் படி, மதுரையில் ஆல்பம் போடுகிற செலவு, ஹார்டு டிஸ்க், காமிராவுக்கு வாங்கிய முத்ரா கடனின் தவணை. அந்த விண்ணப்பம் எங்கள் கிளையில் என் மேஜையைத் தாண்டித்தான் போயிற்று. மாத வருமானம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று அன்றைக்கு என்னைக் கேட்டார். 'சராசரி எழுதுய்யா' என்றேன். அவர் வாழ்க்கையில் சராசரி மாதம் என்று ஒன்று வந்ததே இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கூட்டினால் வருவது செலவு. செலவுக்கும் விலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை எதைக் கொண்டு தாண்டுவது என்பதுதான் பிரச்னை.

முன்பு அந்தப் பள்ளம் இவ்வளவு பெரிதாக இல்லை. வி.எச்.எஸ். காலத்தில், எண்பதுகளில், இதே ஊரில் வீடியோ எடுத்த ஒருவர் சொன்னார்: அப்போது வீடியோ பேச வருகிறவர் 'எத்தனை கேசட்?' என்றுதான் கேட்பாராம். ஒரு கேசட் மூன்று மணி நேரம். இரண்டு கேசட் என்றால் ஆறு மணி நேரக் கல்யாணம். ஜவுளியை முழம் போட்டு விற்பது போலக் கல்யாணத்தை முழம் போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கினவர் கையில் கனமாக ஒரு கறுப்புப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கேசட் போயிற்று, தட்டு வந்தது. தட்டும் போய், கட்டைவிரல் நகமளவு பென் டிரைவ் வந்தது. முழக்கோல் தொலைந்துவிட்டது. இப்போது நண்பர் விற்பது எதை? நேரத்தையா? அப்படியானால், தொழில் பிடிபடாத காலத்தில் ஒரு கல்யாணத்தை எடிட் செய்யப் பத்து நாள் எடுத்துக்கொண்டு குறைவாக வாங்கியவர், இன்று மூன்று நாளில் முடித்துவிட்டு எப்படி அதிகம் கேட்க முடியும்? நாளுக்கு இவ்வளவு என்று போனால், திறமை கூடக்கூட வருமானம் குறைய வேண்டும். கற்றுக்கொண்டதற்கு அபராதம்.

இந்தக் கேள்வி லண்டனில் 1878 நவம்பரில் கோர்ட் ஏறியது. நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் வாணம் விழுகிற ஒரு ஓவியத்துக்கு விஸ்லர் இருநூறு கினி கேட்டதை ரஸ்கின் பரிகசித்து எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கா இந்தத் தொகை என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்க, ஒரு ஆயுளில் சேர்ந்த அறிவுக்குக் கேட்டேன் என்றார் விஸ்லர். கோர்ட்டில் கைதட்டினார்கள். ஜூரிகள் அவருக்குக் கொடுத்த நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங். அடுத்த வருஷம் அவர் திவாலானார்.

விஸ்லரின் பதிலை மேற்கோள் காட்டி மகிழ்வது விமர்சகர்களுக்குப் பழக்கம். என் கவனம் ரஸ்கின் பக்கம் போகிறது. இதே மனிதர்தான் 1860இல், பின்னால் 'கடையனுக்கும்' என்ற அர்த்தம் வரும் தலைப்பில் நூலான கட்டுரைகளில், கூலியைப் போட்டியில் விடக்கூடாது, டாக்டரிடம் யாரும் ஏலம் கேட்பதில்லை, உழைப்பவனுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று வாதாடியவர். 1904இல் காந்தியை ஒரே ரயில் பயணத்தில் உலுக்கிய புஸ்தகம் அது. விஸ்லரைத் திட்டியதும் எங்கே? பிரிட்டிஷ் தொழிலாளர்களுக்கு அவர் எழுதி வெளியிட்டு வந்த கடிதங்களில் ஒன்றில், 1877இல். கூலிக்காரன் விலை பேசாமலே நியாயமான கூலி வாங்க வேண்டும் என்று விரும்பினவருக்கு, ஒருவன் தன் விலையைத் தானே சொன்னதும் அது திமிராகத் தெரிந்தது. எனக்கு இது ரஸ்கினுடைய தனிப்பட்ட முரண் என்று படவில்லை. உழைப்பவனுக்கு நல்லது செய்ய நினைக்கிற எல்லோரிடமும் இது இருக்கிறது. கொடுக்கத் தயார், அவன் கேட்பதைத்தான் தாங்க முடியாது.

இங்கே என் உத்தியோகத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாள் நான் நகைக் கடன் கவுண்டரில் இருக்கிறேன். மல்லிகையும் மிளகாயும் கைகொடுக்காத வருஷங்களில் இந்தப் பக்கத்துக் கழுத்துகள் எல்லாம் என் முன்னால் வந்து போகும். ஒரு அட்டிகை வருகிறது. மதிப்பீட்டாளர் உரசிப் பார்க்கிறார், எடை போடுகிறார், கல்லுக்குக் கழிக்கிறார். அந்த அட்டிகையில் ஒரு ஆசாரி கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த கொடியும் பூவும் இருக்கிறதே, அதற்கு எங்கள் ரிஜிஸ்தரில் கட்டம் கிடையாது. வாங்குகிற அன்றைக்குச் செய்கூலி, சேதாரம் என்று கொடுத்த பணம், ஒருமுறை கழுத்தில் ஏறி இறங்கியதுமே ஒன்றுமில்லாமல் போகிறது. வேலைப்பாட்டுக்கு விலை இருப்பது ஒரே ஒரு கணம்: செய்தவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே நிற்கிற கணம். அதற்கு முன் அது இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒரு கணத்தில் வாய் திறக்காதவனுக்கு வேறு சந்தர்ப்பம் வராது. நகைக் கடையில் செய்கூலியை முணுமுணுத்தாவது கொடுத்துவிட்டு வருகிற அதே குடும்பம், வீடியோக்காரரிடம் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் நிற்கிறது. தங்கத்துக்குள் ஒளிந்துகொண்டால் உழைப்புக்கு மரியாதை. தனியாக வந்து நின்றால் சந்தேகம்.

நண்பர் வாய் திறக்காததற்கு அவர் சொன்ன காரணம் வேறு. 'ரேட் சொன்னா அந்நியமாப் போயிரும்யா' என்றார். யோசித்துப் பார்த்தால் இந்த ஊரின் சரித்திரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கரிசல் களங்களில் கம்பும் சோளமும் தூற்றி முடிந்ததும், வருஷம் முழுக்க ஊருக்கு வேலை செய்த நாவிதருக்கும், சலவை செய்தவருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும் அளந்து போட்ட பங்குக்கு 'சுதந்திரம்' என்று பெயர். 1947க்கு முன்னாலேயே நம்மிடம் இருந்த சுதந்திரம் அது! வாங்குகிறவர் எண் சொல்லக்கூடாது; முறத்தை நீட்டலாம். மரக்காலைத் தலை தட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் கொடுக்கிறவருடைய மனசு. 'பாத்துக் குடுங்க' என்பது அந்தக் களத்திலிருந்து நேராக வருகிற வாக்கியம். நண்பருடைய தகப்பனார் அருப்புக்கோட்டைத் தறிக்காரர். பாவும் ஊடையும் முதலாளி தருவார். சேலைக்கு இவ்வளவு கூலி என்பதையும் அவரே சொல்லிவிடுவார். அப்பா ஆயுசுக்கும் ஒரு எண்ணைத் தன் வாயால் சொல்லிக் கேட்டதில்லை என்றார் நண்பர். அவர்கள் குடும்பத்தில் விலை சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிற முதல் ஆள் இவர். நாக்கு ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆச்சரியம் இல்லை என்பதால் சரி என்று ஆகாது. 'பாத்துக் குடுங்க' என்பது பணிவு போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு பாரத்தை எதிராளி தலையில் இறக்கி வைப்பது. என் மதிப்பை நீ தீர்மானி; குறைத்தால் நீ கஞ்சன், கூட்டினால் நீ ஏமாளி; எப்படியானாலும் என் மேல் குற்றமில்லை. அன்று அந்தப் பெரியவர் மூன்று சுற்று தவித்த தவிப்பை நான் பார்த்தேன். விலை சொல்லாமல் இருப்பதில் ஒரு சிறு குரூரம் இருக்கிறது.

நாம்கூட இதில் சேர்த்தி. நம் பத்திரிகைகளில் சன்மானம் கிடையாது. அதில் நமக்கு ஒரு அந்தரங்கப் பெருமை உண்டு. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா புஸ்தகக் கட்டைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதை நாம் தியாகக் கதையாகவே சொல்லிக்கொள்கிறோம். அவர் ஒவ்வொரு வாசலிலும் விலை சொல்லி விற்றார் என்ற பாதியை விட்டுவிடுகிறோம். என்னை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. என் சம்பளத்தை யூனியன்களும் வங்கிகளின் சங்கமும் இருதரப்பு ஒப்பந்தத்தில் முடிவு செய்கிறார்கள்; கடைசியாக 2024 மார்ச் 8இல் கையெழுத்தாயிற்று. நான் என் விலையை யார் முகத்துக்கு நேரேயும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பத்திரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நண்பர்மேல் எரிச்சல்பட்டேன்.

நண்பர் ஆளுக்குத் தக்க விலை வாங்குவது பற்றியும் எனக்கு ஆட்சேபம் இருந்தது. மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தொகை, மானாவாரி விவசாயி வீட்டுக்கு அதில் பாதி, வேலை அதேதான். வட்டி விகிதத்தைப் போர்டில் எழுதி மாட்டுகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது மோசடியாகத்தான் தெரியும். ஒரு பரீட்சை வைத்தேன்: 'அவுக குடுத்ததை இவுககிட்டயும், இவுக குடுத்ததை அவுககிட்டயும் உன்னால சொல்ல முடியுமா?' முடிந்தால் நியாயம் என்பது என் எண்ணம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'மில்காரர்ட்ட தாராளமாச் சொல்லுவேன். விவசாயிட்டச் சொல்ல மாட்டேன்' என்றார். எனக்குப் புரிய நேரமாயிற்று. அதிகம் வாங்கியதில் அவருக்கு வெட்கமில்லை. குறைத்து வாங்கியது தெரிந்தால் அந்த விவசாயிக்கு அது தர்மமாகிவிடும். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கிறபோதெல்லாம் அது உறுத்தும். என் பரீட்சையில் தேறாத ஒரு நியாயம் அது. இன்னும் அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணம் மாசியில் நடந்தது. அன்றைக்கு 18,000 கொடுத்தார். மீதி 12,000 ஆல்பம் வரும்போது என்று பேச்சு. வைகாசியில் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆல்பம் இன்னும் நண்பர் கடையில் இருந்தது. பாக்கி வராமல் ஆல்பத்தைக் கொடுப்பதில்லை என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் பொது வழக்கம். ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவுகூட, பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை தொழிலாளி வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் இங்கே யார் வைரம் கொடுத்தார்கள்? அந்தக் குடும்பம் கொடுத்தது தங்கள் முகங்களை. காப்புரிமைச் சட்டமோ, வேறு பேச்சு இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்துக்கு முதல் உரிமையாளர் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நண்பர் அந்த ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருந்தார்.

ஆனியில் பெரியவருடைய மகன் போன் செய்தான். எடிட் செய்ததில் அப்பா அதிகம் இல்லை, எடுத்துப் போடாமல் விட்டதில் இருந்தால் வேண்டும் என்றான். நண்பர் தேடினார். நாலு நிமிஷம் இருந்தது. மொய் எழுதுகிற மேஜைக்குப் பின்னால் பெரியவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டில் ஒரு பெயரைத் திருத்தச் சொல்கிறார். யாரோ ஏதோ சொல்ல, சிரிக்கிறார். தொழில் ரீதியாகக் கழிவு. கல்யாணத்தன்று அதற்குக் காலணா பெறாது. இப்போது அந்த வீட்டில் அதற்கு எதுவும் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கு என்ன பெறுமோ அதுதான் விலை என்று சொல்கிற பொருளாதாரத்தை நான் பி.ஏ.யில் துணைப்பாடமாகப் படித்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி நண்பர் அன்று பணக்காரர். அப்படிக் கேட்கிறவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டியில் இருவரும் போனோம். இருபுறமும் சீமைக்கருவேலம், தூரத்தில் கரிமூட்டப் புகை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். 12,000த்தையும் விட்டுவிடப் போகிறேன் என்றார் அவர். எழவு வீட்டில் எப்படிக் கேட்பது என்றார். நான் பாக்கியை வாங்கு, நாலு நிமிஷத்தைச் சும்மா கொடு என்றேன். திருச்சுழியில் டீ குடிக்க நிறுத்தினோம். ரமணர் பிறந்த வீடு அந்தக் கோவில் பக்கம்தான். 1896இல் மதுரையில் வீட்டைத் துறந்து போன அன்று, அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் ரயிலுக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதிவிட்டுப் போனார். உலகத்தையே விடுகிறவர் இரண்டு ரூபாய்க்குக் கணக்கு வைத்தார் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

வீட்டில் திண்ணையில் உட்கார வைத்தார்கள். நண்பர் வாய் திறப்பதற்குள் மகன் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தான். கல்யாணத்து மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக. ஒவ்வொன்றும் ஒருநாள் அந்த வீட்டுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. பிரியமும் எண்ணும் ஒரே வரியில் இருப்பதில் இவர்களுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில் கல்யாணச் செலவு: பந்தல், சமையல், பூ. அதில் ஒரு வரி: 'வீடியோ தம்பி பாக்கி 12,000.' மகன் அதன்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான். நண்பர் வாங்கிக்கொண்டார்.

பிறகு பென் டிரைவைக் கொடுத்தார். மகன் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான். 'இதுக்கு எம்புட்டுண்ணே?'

நான் நண்பர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பழைய வாக்கியம் அவர் உதட்டுக்கு வந்துவிட்டதென்றே நினைத்தேன்.

'ஐநூறு' என்றார்.

மகன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தூணில் சாய்ந்து நின்றபடி, நோட்டை முழங்காலில் வைத்து, அப்பா எழுதியிருந்த வரியைக் கோடு போட்டு அடித்து, அதன் கீழே 500 என்று எழுதினான்.